தரவுத்தள மீட்பில் பாதைப் பிழைகள்: காரணமும் பரிகாரமும்

கர்நாடக மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாடு, ஆந்திரப் பிரதேசம் ஆகியவற்றின் எல்லைகளுக்கு அருகே அமைந்துள்ள கோலார் தங்கவயல், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இந்தியாவின் தலையாய தங்கச் சுரங்கமாக விளங்கிற்று. 1880-ஐ ஒட்டி ஜான் டெய்லர் கம்பெனியாரின் நிர்வாகத்தில் தொடங்கிய பெருஞ்சுரங்க வேலை, 1956-இல் மைசூர் அரசாங்கத்தின் வசமும், 1962-இல் மத்திய அரசாங்கத்தின் வசமும் வந்து, 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாளோடு நின்றுபோயிற்று. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை சென்றது. வேலை நின்றபின் நீர் இறைப்பதும் நின்றது. ஆழத்திலிருந்த வழிகளில் நீர் நிரம்பிற்று. ஒரு காலத்தில் மனிதர் நின்று அளவெடுத்த இடங்களுக்கு இன்று எவரும் செல்ல இயலாது. அங்கே எடுக்கப்பட்ட அளவுகளின் பதிவேடுகள் மட்டுமே எஞ்சியுள்ளன.

இப்பதிவேடுகளின் மதிப்பு சிறிதன்று. 1965-ஆம் ஆண்டு, இச்சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகமும் கூட்டாக நிறுவிய கருவிகள், வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோத் துகள்களின் அறிகுறியைப் பதிவு செய்தன. நியான் குழாய்களின் ஒளி புகைப்படச் சுருள்களில் பிடிக்கப்பட்டது. பின்னர் அதே சுரங்கத்தில் காணப்பட்ட சில அசாதாரண நிகழ்ச்சிகள் 1975-இல் வெளியிடப்பட்டன. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து, 2014-இல், சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜி. ராஜசேகரன், எம். வி. என். மூர்த்தி ஆகிய இரு பௌதிக அறிஞர்கள் அவற்றை மீண்டும் எடுத்து நோக்கி, அவை கரும்பொருள் துகள்களின் சிதைவாக இருத்தல் கூடுமோ என்ற வினாவை எழுப்பினர். பழைய பதிவுக்குப் புதிய வினா எக்காலத்தில் பிறக்கும் என்பதை முன்னரே சொல்ல வல்லவர் எவருமிலர்.

பாறை வெடிப்புக்களைப் பற்றிய பதிவுகளும் இத்தகையனவே. ஆழச் சுரங்கங்களில் பாறை அழுத்தம் தாங்காமல் திடீரெனச் சிதறுவதைப் பாறை வெடிப்பு என்பர். தங்கவயல் தொழிலாளர் பலரின் உயிரைக் கொண்ட இவ்விபத்தை ஆராயும் பொருட்டு, 1970-களின் பிற்பகுதியில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஒத்துழைப்புடன் நில நடுக்க அளவீட்டுக் கருவிகளின் வலையமைப்பு ஒன்று அங்கே ஏற்பட்டது. 1988-இல் தேசியப் பாறை இயந்திரவியல் நிறுவனம் அவ்வூரில் தொடங்கப்பட்டது. சுரங்கம் மூடப்பட்டு நீர் நிரம்பிய பின்னரும் சிறு நடுக்கங்கள் உணரப்பட்டமையால், அவற்றைத் தொடர்ந்து அளந்தறிய வேண்டியதாயிற்று. சுரங்கம் இயங்கிய காலத்து நடுக்கத்தையும் நீர் நிரம்பிய காலத்து நடுக்கத்தையும் ஒப்பிட வேண்டுமாயின், இரு காலத்துப் பதிவுகளும் ஒருங்கே கைக்குக் கிட்ட வேண்டும்.

இன்று இத்தகைய பதிவுகள் கம்ப்யூட்டர்களில் தரவுத்தளங்களாக வைக்கப்படுகின்றன. கம்ப்யூட்டரின் ஆயுளோ பதிவின் ஆயுளைவிட மிகக் குறைவு. ஆகவே ஓர் இயந்திரத்திலிருந்து மற்றோர் இயந்திரத்திற்குப் பதிவுகளைக் குடியேற்றும் வேலை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நேர்ந்தே தீரும். அவ்வேலையில் மிகச் சாதாரணமாகத் தோன்றி, அனுபவமில்லாதவரைப் பெரிதும் கலங்கச் செய்யும் ஒரு தடை உண்டு. காப்புப் பிரதி கையில் இருக்கிறது. ஆனால் அதை மீட்கக் கட்டளையிட்டால், “குறிப்பிட்ட பாதையைக் காண இயலவில்லை” என்று இயந்திரம் மறுக்கிறது. இத்தடையின் காரணத்தையும் அதை நீக்கும் முறையையும் விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

காப்புப் பிரதியினுள் இருப்பது யாது?

தரவுத்தளம் என்பது ஒழுங்குபடுத்தி அடுக்கப்பட்ட பதிவுகளின் தொகுதி. பயன்படுத்துவோருக்கு அது அட்டவணைகளாகத் தோன்றும். ஆனால் கம்ப்யூட்டரின் வட்டில் அது சில கோப்புக்களாகவே உறைகிறது. பெரிதும் வழங்கும் மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற மென்பொருளை எடுத்துக் கொண்டால், ஒவ்வொரு தரவுத்தளத்திற்கும் குறைந்தது இரண்டு கோப்புக்கள் உண்டு. ஒன்று பதிவுகளையே தாங்கும் தரவுக் கோப்பு. மற்றொன்று, செய்யப்பட்ட மாறுதல்களை வரிசையாகக் குறித்து வைக்கும் லாக் கோப்பு.

இவ்விரு கோப்புக்களுக்கும் இரண்டிரண்டு பெயர்கள் உண்டு என்பது கவனிக்கத்தக்கது. ஒன்று உட்பெயர். அது மென்பொருள் தன் உபயோகத்திற்காக வைத்துக் கொண்ட பெயர். கோப்பு எங்கே சென்றாலும் மாறாது. மற்றொன்று இடப்பெயர். கோப்பு எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் கிடக்கிறது என்ற முழு முகவரி அது. இதையே பாதை என்கிறோம்.

காப்புப் பிரதி எடுக்கும்போது, பதிவுகள் மாத்திரம் பிரதி செய்யப்படுவதில்லை; இவ்விரு பெயர்களும் உடன் எழுதப்படுகின்றன. அதாவது, காப்புப் பிரதி தான் பிறந்த வீட்டின் முகவரியைத் தன்னுள்ளேயே சுமந்து செல்கிறது. வேறு கட்டளை இல்லாவிடில், மீட்கும் சமயத்தில் கோப்புக்களை அதே முகவரியில் கொண்டுபோய் வைக்கவே மென்பொருள் முயலும். பாதைப் பிழைகளில் பெரும்பாலானவற்றிற்கு இதுவே மூலகாரணம்.

சுரங்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுரங்கத்தின் ஆழத்தில் ஓரிடத்தைக் குறிப்பிட வேண்டுமானால், இன்ன ஷாஃப்ட், அதில் இத்தனையாவது மட்டம், அதிலிருந்து வடக்கே அல்லது தெற்கே செல்லும் இன்ன டிரைவ், அதில் இத்தனை தூரம் என்று வரிசையாகச் சொல்லுவார்கள். தாதுப் படுகையை ஒட்டிக் கிடைமட்டமாக வெட்டிய வழிக்குச் சுரங்கத் தொழிலிலும் டிரைவ் என்றே பெயர். அக்குறிப்பு அந்தச் சுரங்கத்தில் மட்டுமே பொருளுடையது. மட்டங்கள் குறைவாக உள்ள வேறொரு சுரங்கத்தில் அதே குறிப்பை வைத்துக்கொண்டு இறங்குபவன், இல்லாத மட்டத்தைத் தேடி நிற்பான். குறிப்பு பொய்யன்று, அது குறித்த சுரங்கம்தான் வேறு.

பிழை பிறக்கும் விதம்

விளக்கத்தின் பொருட்டு, நடுக்கப் பதிவுகளைப் பேணும் நிலையம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரில் மூன்று டிரைவுகள் இருந்தன. தரவுக் கோப்பு “டி:\தரவு\நடுக்கம்.எம்டிஎஃப்” என்ற பாதையிலும், லாக் கோப்பு “இ:\லாக்\நடுக்கம்.எல்டிஎஃப்” என்ற பாதையிலும் வைக்கப்பட்டிருந்தன. காப்புப் பிரதி ஒன்று எடுக்கப்பட்டது. புதிதாக வந்த கம்ப்யூட்டரிலோ “சி” என்ற ஒரே டிரைவ்தான் உண்டு. ஊழியர் காப்புப் பிரதியை “சி:\காப்பு” என்ற ஃபோல்டரில் வைத்து, மீட்புக் கட்டளையை இட்டார். உடனே, “டி:\தரவு” என்ற பாதையைக் காண இயலவில்லை. இயக்க முறைமைப் பிழை எண் 3 என்ற செய்தி வந்தது.

ஊழியரின் திகைப்பு இயல்பானதே. காப்புப் பிரதியை வைத்தது “சி”யில். கட்டளையில் சொன்னதும் “சி”யையே. அப்படியிருக்க இயந்திரம் எங்குமில்லாத “டி”யைப் பற்றிப் பேசுவானேன்? மீட்பு வேலையில் இரண்டு பாதைகள் சம்பந்தப்படுகின்றன என்பதை அறிந்தால் இத்திகைப்பு நீங்கும். முதலாவது, காப்புப் பிரதி இருக்கும் இடம், அதாவது எடுக்குமிடம். இரண்டாவது, மீட்ட கோப்புக்கள் போய்ச் சேர வேண்டிய இடம், அதாவது வைக்குமிடம். ஊழியர் சொன்னது முதலாவதை மட்டுமே. இரண்டாவதைச் சொல்லாமையால், மென்பொருள் பிரதியினுள் எழுதியிருந்த பழைய முகவரியை எடுத்துக்கொண்டது.

டிரைவ் எழுத்து ஒன்றாகவே இருந்தபோதிலும் இப்பிழை நேரக்கூடும். மேற்சொன்ன மென்பொருள், தன் கோப்புக்களுக்கெனத் தானே அமைத்துக்கொள்ளும் ஃபோல்டரின் பெயரில் பதிப்பு எண்ணையும் சேர்த்துக்கொள்கிறது. 2019-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு 15 என்ற எண்ணும், 2022-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு 16 என்ற எண்ணும் அப்பெயரில் வரும். ஆகவே பழைய பதிப்பிலிருந்து புதிய பதிப்புக்கு மாறும்போது, பார்வைக்கு ஒன்று போலத் தோன்றும் பாதை ஓர் எண்ணால் வேறுபட்டு நிற்கும்.

செய்தியைப் படிக்கும் முறை

பிழைச் செய்தி வந்தவுடன் பலரும் செய்வது, அதே கட்டளையை மறுமுறை இடுவது. அதனால் பயனில்லை. செய்தியில் மூன்று விஷயங்கள் அடங்கியுள்ளன: எந்தக் கோப்பு, எந்தப் பாதை, இயக்க முறைமை தந்த எண் என்ன. இவற்றைத் தாளில் எழுதிக்கொள்ளுதல் முதற்கடமை. விண்டோஸ் இயக்க முறைமையில் அடிக்கடி காணும் எண்களின் பொருள் வருமாறு:

எண் 2: ஃபோல்டர் உண்டு, அதில் அப்பெயருள்ள கோப்பு இல்லை. பெரும்பாலும் எழுத்துப் பிழை, அல்லது கோப்புப் பெயரின் பின்னொட்டு விடுபட்டமை.

எண் 3: பாதையே இல்லை. டிரைவ் இல்லை, அல்லது இடையிலுள்ள ஃபோல்டர்களில் ஒன்று இல்லை.

எண் 5: பாதை உண்டு, ஆனால் அதைத் திறக்க அனுமதி இல்லை.

எண் 32: கோப்பு வேறொரு நிரலின் கையில் இருக்கிறது.

எண் 53: வலையமைப்பில் குறிப்பிட்ட மற்றொரு கம்ப்யூட்டரை அடைய முடியவில்லை.

எண் 112: வட்டில் இடம் போதாது.

இவ்வாறு எண்ணை அறிந்தால், பரிகாரத்தைத் தேட வேண்டிய திசை தெரிந்துவிடும். மேற்கண்ட எண்களில் ஒன்றுகூட, காப்புப் பிரதி கெட்டுப்போயிற்று என்று சொல்லவில்லை என்பதை நன்கு மனத்தில் இருத்த வேண்டும். பாதைப் பிழையைக் கண்டு, பிரதி பழுதென்று முடிவு செய்து அதை அழித்துவிடுவது, முகவரி தவறிய கடிதத்தைத் திறவாமலே கொளுத்துவதற்கு ஒப்பாகும்.

பரிகாரம்

மீட்கும் முன், பிரதியினுள் எழுதப்பட்டுள்ள முகவரிகளைப் படித்தறிதல் வேண்டும். இதற்கெனவே எஸ்.க்யூ.எல். சர்வரில் “ரெஸ்டோர் ஃபைல்லிஸ்ட்ஒன்லி” என்ற கட்டளை உண்டு. அது எதையும் மாற்றுவதில்லை; பிரதியில் அடங்கிய ஒவ்வொரு கோப்பின் உட்பெயரையும், பழைய பாதையையும், அது தரவுக் கோப்பா லாக் கோப்பா என்பதையும், அதன் அளவையும் பட்டியலாகத் தருகிறது. ஆகவே அச்சமின்றி எத்தனை முறை வேண்டுமானாலும் இடலாம்.

பட்டியல் கிடைத்தபின், புதிய கம்ப்யூட்டரில் கோப்புக்களை வைக்க வேண்டிய ஃபோல்டர்களை முன்கூட்டியே உண்டாக்குதல் வேண்டும். மென்பொருள் கோப்புக்களைத் தானே உண்டாக்கும், ஃபோல்டர்களை உண்டாக்காது. பின்னர் மீட்புக் கட்டளையோடு “வித் மூவ்” என்ற சொற்களைச் சேர்த்து, ஒவ்வோர் உட்பெயருக்கும் நேராகப் புதிய பாதையைக் கொடுக்க வேண்டும். மேற்கூறிய கற்பனை நிலையத்தில் அக்கட்டளையின் கருத்து பின்வருமாறு அமையும்: “சி:\காப்பு என்ற ஃபோல்டரிலுள்ள பிரதியிலிருந்து நடுக்கம் என்ற தரவுத்தளத்தை மீட்க, அதன் தரவுக் கோப்பை சி:\தரவு\நடுக்கம்.எம்டிஎஃப் என்ற பெயரிலும், அதன் லாக் கோப்பை சி:\லாக்\நடுக்கம்.எல்டிஎஃப் என்ற பெயரிலும் வைக்க.”

இதில் தவறு நேரக்கூடிய இடங்கள் நான்கு. முதலாவதாக, பட்டியலில் மூன்றாவது, நான்காவது கோப்புக்களும் இருக்கலாம். அவற்றில் ஒன்றை மறந்துவிட்டால், அது மட்டும் பழைய முகவரியைத் தேடிச் செல்லும். முழு மீட்பும் நின்றுவிடும். இரண்டாவதாக, ஃபோல்டரின் பெயரோடு நின்றுவிடாமல், கோப்பின் பெயர்வரை முழுப் பாதையையும் எழுத வேண்டும். மூன்றாவதாக, இரு கோப்புக்களுக்கு ஒரே பாதையைக் கொடுக்கலாகாது. நான்காவதாக, பட்டியலில் காணும் அளவைப் பார்த்து வட்டில் அவ்வளவு இடம் உண்டா என்று அறிதல் வேண்டும். காப்புப் பிரதி சுருக்கப்பட்டதாக இருப்பின் பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும். மீட்ட தரவுத்தளமோ தன் பழைய முழு அளவையும் கேட்கும்.

எவருடைய கண்ணுக்குத் தெரியும் பாதை?

சில சமயங்களில் பாதை சரியாக இருப்பதை ஊழியர் தம் கண்ணாலேயே காண்பார். இயந்திரமோ இல்லையென்றே சொல்லும். இதற்குக் காரணம், பாதையைத் தேடுவது ஊழியரின் மேசைக் கம்ப்யூட்டர் அன்று. தரவுத்தளம் இயங்கும் சர்வர் என்ற வேறொரு கம்ப்யூட்டர். கட்டளை மேசையில் எழுதப்பட்டாலும், அதை நிறைவேற்றுவது சர்வர். “சி:\காப்பு” என்றால் சர்வர் தன் சொந்த “சி” டிரைவையே பார்க்கும். ஆதலால் பிரதியைச் சர்வரின் வட்டுக்கே கொண்டுபோய் வைத்தல் நலம்.

வலையமைப்பில் உள்ள பொது ஃபோல்டருக்கு “இசட்” போன்ற ஓர் எழுத்தைச் சூட்டி வைத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. அவ்வெழுத்து அதைச் சூட்டிய பயனாளருக்கு மட்டுமே உரியது. சர்வரில் இயங்கும் தரவுத்தள மென்பொருள் அதை அறியாது. அங்ஙனமாயின், கம்ப்யூட்டரின் பெயரில் தொடங்கும் முழு வலையமைப்புப் பாதையை எழுத வேண்டும்.

எண் 5, அதாவது அனுமதி மறுப்பு, இத்துடன் தொடர்புடையதே. தரவுத்தள மென்பொருள் இயங்குவது ஊழியரின் பெயரில் அன்று; தனக்கென ஏற்பட்ட ஒரு சேவைக் கணக்கின் பெயரில். ஊழியர் நிர்வாகியாகவே இருந்தாலும், அச்சேவைக் கணக்குக்கு அந்த ஃபோல்டரைப் படிக்க அனுமதி இல்லையேல் கதவு திறவாது. எடுக்குமிடத்தில் படிக்கும் அனுமதியும், வைக்குமிடத்தில் எழுதும் அனுமதியும் அக்கணக்குக்கே கொடுக்கப்பட வேண்டும். அவசரத்தில் எல்லோருக்கும் எல்லா அனுமதியையும் திறந்துவிடுவது தவறான பரிகாரம்.

லினக்ஸ் இயக்க முறைமையில் டிரைவ் எழுத்துக்களே இல்லை. எல்லாப் பாதைகளும் ஒரே வேரிலிருந்து கிளைக்கின்றன. அன்றியும் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அங்கே வெவ்வேறாகவே கருதப்படும். எஸ்.க்யூ.எல். சர்வர் 2017-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் லினக்ஸிலும் இயங்குவதால், விண்டோஸில் எடுத்த பிரதியை அங்கே மீட்போர் “வித் மூவ்” இன்றி முன்செல்ல இயலாது.

மேலெழுதும் அபாயம்

பாதை இல்லாமையால் வரும் தடை தீங்கற்றது. நேரத்தை மட்டுமே வீணாக்கும். பாதை இருப்பதனால் வரும் ஆபத்தே பெரிது. புதிய கம்ப்யூட்டரில் அதே பாதையில், அதே பெயரில், வேறொரு தரவுத்தளம் ஏற்கெனவே இயங்கிக் கொண்டிருக்கலாம். மென்பொருள் இதைக் கண்டு, “இக்கோப்பு வேறு தரவுத்தளத்தின் உபயோகத்தில் உள்ளது” என்றோ, “பிரதியிலுள்ள தரவுத்தளம் இங்குள்ள தரவுத்தளம் அன்று” என்றோ எச்சரிக்கும். இது இயந்திரத்தின் பிடிவாதம் அன்று, அதன் காவல்.

இந்நிலையில் “ரிப்ளேஸ்” என்ற சொல்லைக் கட்டளையில் சேர்த்தால் அக்காவல் தளர்ந்துவிடும். இருக்கும் தரவுத்தளத்தை அழித்து அதன் இடத்தில் பழையதை வைக்க மென்பொருள் இசைந்துவிடும். சென்ற ஆண்டுப் பிரதி இந்த ஆண்டுப் பதிவின்மேல் எழுதப்படுமாயின், இடைப்பட்ட காலத்துப் பதிவுகள் யாவும் மறையும். ஆகவே சந்தேகம் உள்ளபோது, மீட்கும் தரவுத்தளத்திற்குப் புதிய பெயரும், அதன் கோப்புக்களுக்குப் புதிய பாதைகளும் கொடுத்து, முன்னுள்ளதன் பக்கத்தில் தனியாக வைப்பதே அறிவுடைமை. ஒப்பிட்டுப் பார்த்தபின் எதை வைத்துக்கொள்வது என்று சாவகாசமாக முடிவு செய்யலாம்.

பிற மென்பொருள்களின் வழக்கம்

இத்தத்துவம் ஒரு மென்பொருளுக்கு மட்டும் உரியதன்று. ஆரக்கிள் என்ற மென்பொருளில் மீட்பின்போது “செட் நியூநேம்” என்ற கட்டளையால் கோப்புக்களுக்குப் புதிய பாதை வகுக்கப்படுகிறது. போஸ்ட்கிரெஸ் என்ற மென்பொருளில் இருவகைப் பிரதிகள் உண்டு. பதிவுகளைக் கட்டளைகளாக எழுதிவைக்கும் முதல் வகையில் தரவுக் கோப்புக்களின் முகவரி இராது. ஆகையால் அது எங்கே கொண்டு சென்றாலும் பெரும்பாலும் எளிதாகக் குடியேறும். கோப்புக்களையே அவ்வாறே பிரதி செய்யும் இரண்டாம் வகையிலோ, தரவுகள் “டேபிள்ஸ்பேஸ்” எனப்படும் வெளியிடங்களில் வைக்கப்பட்டிருப்பின், அவற்றின் பழைய பாதைகளும் உடன் வரும். அவற்றைப் பிரதி எடுக்கும்போதே புதிய பாதைகளுக்கு மாற்றிக் குறிக்க வழி உண்டு. பெயர்கள் வேறுபடினும் வினா ஒன்றே: பிரதி எந்த முகவரியைச் சுமந்து வந்திருக்கிறது? புதிய இயந்திரத்தில் அம்முகவரிக்கு ஈடானது எது?

செய்தி தாராத பிழை

இதுவரை கூறிய பிழைகள் யாவும் தம் வரவைத் தாமே அறிவிப்பவை. யாதொரு செய்தியும் தாராமல் மறைந்து நிற்கும் பாதைப் பிழை ஒன்றுண்டு. நில நடுக்க ஆராய்ச்சிக்கு அது மிகவும் பொருந்தும்.

நடுக்கப் பதிவில் இரு பகுதிகள் உள்ளன. ஒன்று, நடுக்கம் நேர்ந்த காலம், இடம், அளவு முதலியவற்றின் அட்டவணை. மற்றொன்று, கருவி வரைந்த அலை வடிவம். அலை வடிவங்கள் அளவில் பெரியவை ஆதலால், அவற்றைத் தனிக் கோப்புக்களாக வெளியே வைத்து, அவற்றின் பாதையை மட்டும் அட்டவணையில் எழுதுவது உலகெங்கும் உள்ள வழக்கம். பல நாடுகளில் கையாளப்படும் சி.எஸ்.எஸ். 3.0 என்ற அமைப்பில், ஒவ்வோர் அலை வடிவத்திற்கும் அது இருக்கும் ஃபோல்டரைக் குறிக்க ஒரு பத்தியும், கோப்பின் பெயரைக் குறிக்க மற்றொரு பத்தியும் ஒதுக்கப்பட்டுள்ளன.

இத்தகைய தரவுத்தளத்தை மீட்கும்போது, மீட்பு முற்றிலும் வெற்றி என்றே மென்பொருள் அறிவிக்கும். அட்டவணையில் ஒரு வரியும் குறைந்திராது. ஆனால் ஒவ்வொரு வரியும் சுட்டும் பாதை, கழித்து ஒதுக்கிய பழைய கம்ப்யூட்டரின் டிரைவாக இருக்கும். மென்பொருளுக்கு அப்பாதை வெறும் எழுத்துக்களின் வரிசையே. அது மெய்யா பொய்யா என்று அது ஆராய்வதில்லை. சில ஆண்டுகள் கழித்து ஓர் ஆராய்ச்சியாளர் அலை வடிவத்தைத் திறக்க முயலும்போதுதான் இழப்பு வெளிப்படும். அதற்குள் பழைய வட்டு எங்கோ சென்றிருக்கும்.

இதைத் தடுக்க இரு வழிகள் உண்டு. முதலாவது, வெளிக் கோப்புக்களின் ஃபோல்டர்களையும் தரவுத்தளத்தோடு சேர்த்தே பிரதி எடுப்பது. அவை தரவுத்தளக் காப்புப் பிரதியினுள் தாமாக வந்துவிடா. இரண்டாவது, அட்டவணையில் முழுப் பாதையை எழுதாமல், ஒரு மூல ஃபோல்டரிலிருந்து தொடங்கும் குறும்பாதையை மட்டும் எழுதி, அம்மூல ஃபோல்டரின் இடத்தை ஒரே ஓரிடத்தில் குறித்து வைப்பது. அவ்வாறாயின், இயந்திரம் மாறும்போது ஆயிரக்கணக்கான வரிகளைத் திருத்த வேண்டியதில்லை. ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

மீட்டபின் செய்ய வேண்டியவை

மீட்பு முடிந்தது என்ற செய்தியோடு வேலை முடிவதில்லை. எஸ்.க்யூ.எல். சர்வரில் “டிபிசிசி செக்டிபி” என்ற கட்டளையால் தரவுத்தளத்தின் உள்ளமைப்பு சீராக உள்ளதா என்று சோதிக்கலாம். பழைய இயந்திரத்தில் எத்தனை வரிகள் இருந்தன, முதற்பதிவின் தேதி யாது, கடைசிப் பதிவின் தேதி யாது என்பவற்றை முன்னரே எழுதி வைத்திருந்து, புதியதோடு ஒப்பிடுதல் வேண்டும். பின்னர் பல்வேறு ஆண்டுகளிலிருந்து சில பதிவுகளைத் தெரிந்தெடுத்து, அவற்றின் அலை வடிவங்கள் உண்மையாகவே திறக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும்.

இவை யாவும், பழைய இயந்திரம் இன்னும் உயிரோடு இருக்கும்போதே செய்யப்பட வேண்டும் என்பதே இப்பாடத்தின் சாரம். பழையது இயங்கும் வரை, புதியதில் தோன்றும் ஒவ்வொரு பாதைப் பிழையும் வெறும் வினாவே. பழையதைத் திறந்து பார்த்து விடை காணலாம். பழையது போனபின் அதே பிழை ஒரு புதிராகிவிடும். ஆண்டுக்கு ஒருமுறையேனும், வேறு டிரைவ் அமைப்புள்ள ஒரு கம்ப்யூட்டரில் மீட்பு ஒத்திகை நடத்துவதும், அதில் கண்ட உட்பெயர்களையும் பாதைகளையும் கட்டளைகளையும் ஒரு தாளில் அச்சிட்டுப் பிரதியோடு வைப்பதும் சிறந்த வழக்கமாகும். அத்தாளை எழுதுபவர் ஓய்வு பெற்ற பின்னரும், அவரை அறியாத ஒருவர் அதைக் கொண்டு வேலையை முடிக்கக் கூடியவாறு அது தெளிவாக இருத்தல் வேண்டும்.

பெரும்பாலான அலுவலகங்களில், தொலைந்த கணக்கை மீண்டும் தொகுக்க ஏதேனும் ஒரு வழி இருக்கும். ஆழத்தில் நீர் நிரம்பிய சுரங்கத்தின் பதிவுகளுக்கு அவ்வழி இல்லை. பாறை எந்த நாளில் எங்கே அதிர்ந்தது என்பதை மீண்டும் அளக்க அந்நாள் திரும்பி வராது. அவ்விடத்திற்கு இறங்கும் வழியும் இல்லை. அங்கே வேலை செய்தவர்களின் உயிருக்கு நேர்ந்த அபாயத்தை அறிவதற்காக எடுக்கப்பட்ட அவ்வளவுகள், ஒரு டிரைவ் எழுத்து மாறியதன் காரணமாகப் பயனற்றுப் போகலாகாது. காப்புப் பிரதியைப் பேணுவோர், அதிலுள்ள பதிவுகளோடு அது சுமந்து வரும் முகவரியையும் படித்தறிந்து வைப்பாராயின், அத்தகைய இழப்பு நேராது.